கறுத்த பிட்டும் ஒரு டையோடும்

ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னின் முனையான பிட் சீக்கிரம் கெட்டுப்போனால் பிட் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். பல நேரம் காரணம் அதைப் பிடித்திருந்தவரின் சுத்தம்தான். வேலை முடிந்ததும் முனையை ஈர ஸ்பாஞ்சில் பளபளவென்று துடைத்துவிட்டு ஸ்டாண்டில் சொருகி வைப்பார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் முனைமேல் ஒரு காப்பும் இல்லை; 400 டிகிரிச் சூட்டில் இரும்பு வெறுமனே காற்றில் நிற்கிறது. ஈயம் அப்பிய முனையை அப்படியே வைத்துவிட்டுப் போகிற சோம்பேறியின் பிட் அதைவிட அதிக நாள் உழைக்கும்.

எங்கள் பகுதியில் டிவி, மிக்ஸி, இன்வெர்ட்டர் என்று எதைக் கொண்டுபோனாலும் பழுதுபார்த்துத் தரும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மேசைக்கடியில் ஒரு பழைய ஊறுகாய்ப் பாட்டில் நிறைய, ஈயம் பிடிக்காமல் ஒதுக்கிப்போட்ட கறுப்புப் பிட்டுகள். "பிட்டெல்லாம் முன்ன மாதிரி வர்றதில்லண்ணே" என்றார். பாட்டிலோடு வாங்கி வந்தேன். தேறுவதைத் தேற்றுவது, தேறாததில் ஒன்றை அறுத்துப் பார்ப்பது, முடிந்தால் அவருடைய 25 வாட் அயர்னுக்குச் சூட்டைக் குறைத்து வைக்க ஏதாவது செய்து கொடுப்பது என்று திட்டம்.

முதல் வேலை தரம் பிரிப்பது. அதற்கு ஒரு சின்னக் காந்தம் போதும். பிட்டில் ஒட்டவே இல்லையென்றால் அது முழுச் செம்பு. லேசாக இழுத்தால் செம்பின் மேல் இரும்பு பூசியது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் உள்ளே செம்பு எவ்வளவு இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். பாட்டிலில் மூன்று ரகமும் இருந்தன. சோல்ட்ரான் மாதிரி நேரடி மின்சார அயர்னில் சொருகுகிற தடித்த பிட்டுகளில் சில முழுச் செம்பு, சில பூச்சு போட்டவை. மற்றவை எல்லாம் சூட்டைக் கட்டுப்படுத்தும் சால்டரிங் ஸ்டேஷன்களுக்கு வரும் 900எம் வகை, உள்ளே குழாய்போல் இருப்பவை.

பூச்சு போட்டவற்றில் பலவற்றில் அரத்தின் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. நண்பரைக் கேட்டதற்கு, தொழில் கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான் செய்வார் என்றார்: கறுத்தால் அரத்தால் ராவு, பேஸ்ட்டில் முக்கு, ஈயம் வை. அந்தப் பெரியவர் சொன்னது தப்பே இல்லை. அவர் கையில் இருந்தது செம்புப் பிட்.

அறுத்துப் பார்த்தால் இது விளங்கிவிடும். முனையில் குழி விழுந்த 900எம் பிட் ஒன்றை வைஸில் பிடித்து, ஹேக்ஸா பிளேடால் நெடுக்காக அறுத்தேன். வெளியே வெள்ளி நிறம், உள்ளே பளிச்சென்ற செம்பு, இரண்டுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோடுதான் இரும்பு. தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. முனைக்கு மேலே, ஈயம் ஏறக்கூடாத பகுதியில், இரும்பின் மேல் இன்னொரு பூச்சு குரோமியம். அதில் ஈயம் ஒட்டாது. முனையில் மட்டும் குரோமியம் இல்லாமல், இரும்பின் மேல் ஈயம் பூசித் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. நான் அறுத்த பிட்டில் அந்தச் சாம்பல் கோடு முனையில் ஓரிடத்தில் அறுந்திருந்தது. அதற்குப் பின்னால் செம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொந்து. வெளியே தெரிந்த ஓட்டை குண்டூசித் தலை அளவுதான். உள்ளே அதைப்போலப் பல மடங்கு காலி.

பொந்து எப்படி வந்தது என்றால், உருகிய ஈயத்தில் செம்பு கரையும். சூடான காபியில் சர்க்கரை கரைவதுபோலத்தான். ஈயக்கம்பி என்பது வெள்ளீயமும் காரீயமும் கலந்தது; அதில் இருக்கும் வெள்ளீயம்தான் செம்பைக் கரைப்பது. காரீயத்துக்கு அதில் பெரிய பங்கு இல்லை. வெள்ளீயத்தில் இரும்பும் கரையும், ஆனால் மிக மெதுவாக. அதனால்தான் இந்த ஏற்பாடு: சூட்டைக் கடத்த உள்ளே செம்பு, அரிப்பைத் தாங்க வெளியே இரும்பு. செம்பு இரும்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். முழு இரும்பில் பிட் செய்தால் காலத்துக்கும் வரும், வேலைக்கு ஆகாது.

முழுச் செம்புப் பிட் மட்டுமே இருந்த காலத்தில் முனை கரைவதும் குழி விழுவதும் தினப்படி விஷயம். அரத்தால் ராவி மறுபடி வடிவம் கொண்டுவர வேண்டியதுதான். செம்பு தீரும்வரை ராவலாம். பிரிட்டனில் மல்ட்டிகோர் நிறுவனம் 'சேவ்பிட்' என்றே ஒரு ஈயக்கம்பி விற்றது. அதில் 1.5 சதவீதம் செம்பைக் கலந்துவிட்டார்கள். ஈயத்தில் ஏற்கெனவே செம்பு இருந்தால் பிட்டிலிருந்து இழுப்பது குறையும் என்ற கணக்கு. எனக்குப் பிடித்த யோசனை அது. இரும்புப் பூச்சு வந்தபிறகு அதற்கு அவ்வளவு தேவை இல்லாமல் போய்விட்டது.

ஆக அரம், உப்புத்தாள், பிளேடு ஆகியவை செம்புப் பிட்டுக்கு வைத்தியம், பூச்சுப் பிட்டுக்கு விஷம். காந்தத்தை மேசையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி நண்பரிடம் ஒன்று கொடுத்துவிட்டேன்.

அரம் படாமல் வெறுமனே கறுத்திருந்த பிட்டுகள்தான் தேறக்கூடியவை. கறுப்பில் இரண்டு சமாச்சாரம் கலந்திருக்கிறது. ஒன்று, ஈயம் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் தீய்ந்து படிந்த கரி. இது மேலோட்டமானது, துடைத்தால் போய்விடும். இன்னொன்று, இரும்பே காற்றோடு சேர்ந்து ஆக்சைடு ஆனது. இதன்மேல் ஈயம் ஒட்டாமல் உருண்டையாக உருண்டு ஓடும். ஈயம் ஒட்டாத முனையிலிருந்து சூடும் சரியாக இறங்காது. உடனே நாம் சூட்டைக் கூட்டுவோம். கூட்டினால் ஆக்சைடு இன்னும் வேகமாக ஏறும். நண்பர் கடை ஸ்டேஷனின் குமிழ் 480-இல் நின்றதற்கு இந்தச் சுழல்தான் காரணம்.

தேற்றுவதற்குச் சூட்டைக் குறைக்க வேண்டும். பலர் இதை நம்ப மறுப்பார்கள். ஸ்டேஷனை 250 டிகிரியில் வைத்தேன். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த 63/37 ஈயம் 183 டிகிரியில் உருகிவிடும், 60/40 அதைவிடச் சில டிகிரி அதிகம். ஆகவே 250 தாராளம். இந்தச் சூட்டில் ஈயக்கம்பிக்குள் இருக்கும் ரோசின் என்ற பிசின் வகை ஃப்ளக்ஸ் உடனே ஆவியாகிவிடாமல் கொஞ்ச நேரம் முனைமேல் திரவமாக நின்று ஆக்சைடை அரிக்கும். 400-இல் அது புகையாகிக் கரியாகிவிடும், நாம் நீக்க நினைத்த கரியோடு இன்னும் கொஞ்சம் சேரும்.

முறை எளிது, பொறுமைதான் வேண்டும். முனையைப் பித்தளை நாரில் குத்தி எடு, ரோசின் உள்ள ஈயக்கம்பியை முனைமேல் தாராளமாக உருக்கு, மறுபடி நாரில் குத்து, மறுபடி ஈயம். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காதது மாதிரி இருக்கும். அப்புறம் ஓரத்தில் ஒரு சின்ன இடத்தில் ஈயம் பிடிக்கும். அந்த இடம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அங்கிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் வெள்ளித் திட்டு பரவிக்கொண்டே போகும். தனியாகக் கொஞ்சம் ரோசின் ஃப்ளக்ஸ் தடவினால் இன்னும் சீக்கிரம் ஆகும். பாட்டிலில் அரம் படாத பிட்டுகளில் பெரும்பாலானவை இதிலேயே திரும்பி வந்துவிட்டன.

அடம்பிடித்தவற்றுக்கு டிப் டின்னர் என்று சின்ன டப்பாவில் விற்கும் பசையைப் பயன்படுத்தினேன். பொடித்த ஈயமும் மிதமான அமிலத் தன்மை உள்ள உப்பும் கலந்தது. சூடான முனையை அதில் அழுத்தித் திருப்பினால் ஒரு புகை, முனை வெள்ளையாகிவிடும். நல்ல பொருள்தான், ஆனால் தினமும் தொடக்கூடாது. ஆக்சைடை எடுக்கிற அமிலம் இரும்பையும் கொஞ்சம் எடுக்கும். பயன்படுத்தியதும் நன்றாகத் துடைத்துவிட்டு, சாதா ஈயத்தை மேலே போர்த்த வேண்டும்.

ஒரே ஒரு பிட்டுக்கு மட்டும் நவச்சாரம். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் துருத்தியோடு தெருவுக்கு வந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளைப் புகையும் மூக்கைத் துளைக்கும் நெடியும் மறந்திருக்காது. அவர் சூடான பாத்திரத்தில் நவச்சாரப் பொடியைத் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டுப் பஞ்சால் ஒரே இழுப்பாக இழுப்பார். அதே அம்மோனியம் குளோரைடுதான். சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் பிரியும். அந்த அமிலம் ஆக்சைடைத் தின்றுவிடும். மாடியில் காற்றோட்டமாக நின்றுகொண்டு, நவச்சாரக் கட்டியில் முனையையும் ஈயத்தையும் சேர்த்துத் தேய்த்தேன். பிட் திரும்பி வந்தது. ஆனாலும் வீட்டுக்குள் செய்யச் சொல்லமாட்டேன். புகை நெஞ்சுக்கு ஆகாது, பக்கத்தில் கிடக்கும் கட்டிங் பிளையர், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் துருப்பிடிக்க ஆரம்பிக்கும்.

சின்னத் தகர டப்பாவில் வரும் சால்டரிங் பேஸ்ட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பல கடைகளில் முனையைச் சுத்தம் செய்வது என்றாலே அதில் முக்கி எடுப்பதுதான். ரோசின் அடிப்படையில் செய்த பேஸ்ட்டும் உண்டு, துத்தநாகக் குளோரைடு கலந்ததும் உண்டு. இரண்டாவது தகர வேலைக்கும் குழாய் வேலைக்கும் உரியது. போர்டில் பட்டால் அதன் செம்புக் கோடான டிராக்கை அரிக்கும், பிட்டில் பட்டால் பிட்டை அரிக்கும். பச்சை படிந்த பழைய போர்டுகளைப் பார்க்கும்போது முன்னால் பழுதுபார்த்தவர் எந்த டப்பாவைப் பயன்படுத்தியிருப்பார் என்று ஓரளவு ஊகிக்க முடியும்.

துடைப்பதில் இரண்டு கட்சி: ஸ்பாஞ்ச், பித்தளை நார். நான் நார்க் கட்சி. ஸ்பாஞ்சில் தொட்டவுடன் முனையின் சூடு திடீரென்று விழுகிறது, அடுத்த நொடி ஏறுகிறது. ஒரு நாளில் நூறு முறை இப்படி நடந்தால் இரும்புப் பூச்சில் நுண்ணிய வெடிப்பு விழ அதுவும் ஒரு காரணம். நாரில் அந்தத் தொல்லை இல்லை. துடைத்தபிறகும் மெல்லிய ஈயப் படலம் முனையில் தங்கும். ஆனால் நார் வாங்கும்போதும் காந்தம் வேண்டும். பாத்திரக் கடையில் தங்க நிறத்தில் தொங்குவதெல்லாம் பித்தளை அல்ல. எஃகுக் கம்பிக்குப் பித்தளை முலாம் பூசியதும் உண்டு. காந்தம் ஒட்டினால் அதை மிளகாய் அரைத்த ஜாரைக் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். எஃகு நார் இரும்புப் பூச்சைச் சுரண்டிவிடும்.

ஸ்பாஞ்ச்தான் பழக்கம் என்றால் அதிலும் கெடுதல் பெரிதாக இல்லை, சில விஷயங்களைப் பார்த்துக்கொண்டால் போதும். மெல்லிய அட்டைபோல வந்து தண்ணீரில் ஊறினால் பருக்கும் செல்லுலோஸ் ஸ்பாஞ்ச்தான் சரி. குளிக்கிற ஸ்பாஞ்சை வெட்டி வைத்தால் முனையில் உருகி ஒட்டும். ஊறிய ஸ்பாஞ்சைக் கையால் நன்றாகப் பிழிய வேண்டும், சொட்டக்கூடாது. எங்கள் ஊர் போர் தண்ணீரில் பக்கெட்டிலேயே வெள்ளை படியும். அந்த உப்பெல்லாம் ஸ்பாஞ்ச் காயக் காய அதில் சேர்ந்து, பிறகு முனைக்கு ஏறும். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் மாதக்கணக்கில் வரும்.

எதில் துடைத்தாலும், துடைக்க வேண்டியது அயர்னை எடுக்கும்போது, வைக்கும்போது அல்ல. இந்த ஒன்றை மட்டும் நண்பரின் கடையில் மாற்ற முடிந்தால் போதும் என்று நினைத்தேன். ஸ்டாண்டிலிருந்து எடு, துடை, கொஞ்சம் புது ஈயம் தொடு, வேலையைச் செய், அப்படியே திரும்ப வை. அணைக்கும் முன் இன்னும் தாராளமாக ஈயத்தை உருக்கி முனை முழுவதையும் மூடிவிட்டு சுவிட்சை அணை. கெட்டியான ஈயப் போர்வை ஆக்சைடு ஆனால் ஆகட்டும், அடுத்தமுறை துடைத்தால் போய்விடும். இரும்பு தப்பித்துவிடும். கடலோர ஊர்களில் சும்மா கிடக்கும் பிட்கூடத் துருப்பிடிக்கும் என்பதால் அங்கே இது இன்னும் முக்கியம். இதற்கென்று விலை உயர்ந்த ஈயம் வேண்டாம், அரை அடிக் கம்பி மிச்சம் கிடந்தாலும் போதும்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிட்டின் ஆயுளை அதிகம் தின்பது அதுதான். காரீயம் கலந்த ஈயத்துக்கு 330 முதல் 350 டிகிரி போதும். காரீயம் இல்லாத எஸ்ஏசி305 ரக ஈயத்துக்கு 360, 370. அது உருகுவதே 217 டிகிரியில்தான் தொடங்குகிறது. அதில் வெள்ளீயம் 96.5 சதவீதம்; 60/40-இல் 60 சதவீதம்தான். இரும்பைக் கரைப்பது வெள்ளீயம் என்று முன்பே பார்த்தோம். வெள்ளீயமும் அதிகம், சூடும் அதிகம் என்பதால் காரீயம் இல்லாத ஈயத்தில் வேலை செய்தால் அதே பிட் சீக்கிரம் தேயும். மொபைல் போர்டு பார்ப்பவர்கள் பிட் அடிக்கடி மாற்றுவது இதனால்தான், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

போர்டில் தடித்த கிரவுண்ட் இடம் உருகவில்லையென்றால் கை தானாகக் குமிழுக்குப் போகும். அதற்குமுன் பிட்டைப் பாருங்கள். ஊசிபோல் கூரான 'ஐ' வகைப் பிட்டை மாட்டிக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மர் காலைப் பற்றவைக்க முயன்றால் 450 வைத்தாலும் நடக்காது. உளி வடிவ 2.4டி மாட்டினால் 340-லேயே வழிந்து ஓடும். முனை அகலமாக இருந்தால் தொடும் பரப்பு அதிகம், பின்னால் செம்பும் அதிகம். கூர்முனையில் இரும்புப் பூச்சு மிகச் சிறிய பரப்பில் எல்லா அடியையும் வாங்குவதால் முதலில் சாவதும் அதுதான். வாங்கும் ஸ்டேஷனோடு வருவது பெரும்பாலும் இந்தக் கூர்முனைப் பிட் என்பது ஒரு விநோதம். போர்டின் மேலேயே ஒட்டும் குட்டிப் பாகங்களின் எஸ்எம்டி வேலைக்குக்கூட நான் உளியைத்தான் எடுப்பேன்.

அழுத்துவதும் வேண்டாம். சூடு போவது அழுத்தத்தால் அல்ல, முனைக்கும் காலுக்கும் நடுவில் நிற்கும் திரவ ஈயத்தின் வழியாக. ஒரு துளி ஈயத்தை முனையில் வைத்துத் தொட்டால் போதும். அழுத்தித் தேய்த்தால் முனையின் இரும்பும் தேயும், போர்டில் ஈயம் பிடிக்கும் செம்புப் பரப்பான பேடும் கழன்றுவரும்.

வெல்லர் நிறுவனத்தின் பழைய ஸ்டேஷன்கள் சிலவற்றில் குமிழே கிடையாது. பிட்டின் அடியில் 6, 7, 8 என்று எண் பொறித்திருக்கும்: 600, 700, 800 ஃபாரன்ஹீட். அடியில் ஒட்டியிருக்கும் உலோகத் துண்டு குறிப்பிட்ட சூட்டில் காந்தத் தன்மையை இழக்கும், உடனே உள்ளே இருக்கும் காந்தம் விலகி மின்சாரம் துண்டிக்கப்படும். சூட்டை மாற்ற வேண்டுமா, பிட்டையே மாற்று. 7 என்பது ஏறத்தாழ 370 செல்சியஸ். அவசரத்தில் 480-க்குத் திருக வழியில்லாத அந்த ஏற்பாட்டை எங்கள் நண்பர் கடையில் வைத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

ஸ்டேஷனுக்காவது குமிழ் இருக்கிறது. அவர் அதிகம் பயன்படுத்துவது சாதா 25 வாட் அயர்ன். அதில் கட்டுப்பாடு எதுவும் இல்லை. பற்றவைக்கும்போது சூடு வேலைக்குப் போகிறது. சும்மா ஸ்டாண்டில் கிடக்கும்போது போக்கிடம் இல்லாமல் ஏறிக்கொண்டே போகிறது. சூட்டை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிளை முனையில் வைத்துப் பார்த்தபோது மீட்டர் 400-ஐத் தாண்டியிருந்தது. பழுதுபார்க்கும் கடையில் அயர்ன் முக்கால்வாசி நேரம் சும்மாதான் கிடக்கும். அதாவது பிட்டுக்கு வேலைநேரத்தைவிட ஓய்வுநேரம்தான் ஆபத்து.

இதற்குத்தான் ஒரு சின்னப் பெட்டி செய்தேன். யோசனை பழையது: அயர்னுக்குப் போகும் ஃபேஸ் லைனில், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு, டையோடுக்குக் குறுக்கே ஒரு சுவிட்ச். சுவிட்ச் ஆனில் இருந்தால் மின்சாரம் டையோடைச் சுற்றிக்கொண்டு நேராகப் போகும், முழுச் சூடு. ஆஃப் செய்தால் டையோடு வழியாக மட்டும் போக வேண்டும். அது ஒவ்வொரு சுழற்சியிலும் பாதியை மட்டுமே விடும். 25 வாட் 12.5 ஆகிவிடும். டையோடை எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்றுதான்.

பொருட்கள் எல்லாம் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைப்பவை: பிவிசி சுவிட்ச் பாக்ஸ், 5 ஆம்பியர் சாக்கெட் ஒன்று, சுவிட்ச் இரண்டு, 1 ஆம்பியர் ஃபியூஸ், மூன்று கோர் ஒயர், பிளக். டையோடு 1என்4007. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் போகவே வேண்டாம், எந்தச் செத்த எல்இடி பல்பையோ சார்ஜரையோ பிரித்தாலும் இதோ இதற்குச் சமமான ஒன்றோ கிடைக்கும். மீட்டரில் சோதித்துவிட்டுப் போடுங்கள். இந்த டையோடு 1 ஆம்பியர், 1000 வோல்ட் தாங்கும். அயர்ன் இழுப்பது 230 வோல்ட்டில் 0.11 ஆம்பியர். சூடாகக்கூட ஆகாது.

ஒயரிங்: பிளக்கிலிருந்து ஃபேஸ் ஃபியூஸுக்கு, ஃபியூஸிலிருந்து மெயின் சுவிட்சுக்கு, அங்கிருந்து இரண்டாவது சுவிட்சின் ஒரு முனைக்கு. இரண்டாவது சுவிட்சின் மறுமுனையிலிருந்து சாக்கெட்டுக்கு. டையோடின் இரு கால்களும் அந்த இரண்டாவது சுவிட்சின் இரு முனைகளில். நியூட்ரலும் எர்த்தும் நேராக சாக்கெட்டுக்கு. டையோடின் கால்களுக்கு ஸ்லீவ் போட்டு, பாக்ஸின் அடியில் எதையும் தொடாமல் படுக்க வைத்தேன். 230 வோல்ட் வேலை என்பதால், பாக்ஸை மூடி ஸ்க்ரூ முடுக்கிய பிறகுதான் பிளக்கைச் சொருக வேண்டும். வீட்டு ஒயரிங்கில் கை வைத்துப் பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீசியனிடம் கொடுத்துவிடுங்கள், அவருக்குப் பத்து நிமிட வேலை.

அயர்னைச் சொருகும் முன் பழைய குண்டு பல்பு ஒன்றைச் சொருகிப் பார்த்தேன். ஒரு நிலையில் முழு வெளிச்சம், இன்னொன்றில் மங்கலாகி லேசாகத் துடித்தது. சரி, டையோடு வேலை செய்கிறது. மல்டிமீட்டரில் அளந்தால் குழப்பம்தான் மிஞ்சும். பாதி அலையின் உண்மையான மதிப்பு 163 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். சாதா மீட்டர் முழு அலையை மனதில் வைத்துக் கணக்கிடுவதால் வேறு ஏதோ எண்ணைக் காட்டும். பல்பு போதும். சாக்கெட்டுக்குக் குறுக்கே நியான் இண்டிகேட்டர் ஒன்றும் வைத்தேன். முழு நிலையில் உள்ளே இரண்டு கம்பிகளும் ஒளிரும், டையோடு நிலையில் ஒன்று மட்டும். தனி விளக்கு வைக்காமலே எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது, இது எதிர்பார்க்காத லாபம்.

டையோடு நிலையில் முனையின் சூடு 250-ஐ ஒட்டி வந்து நின்றது. பாதிச் சக்தி என்றால் பாதிச் சூடு என்று கணக்கு வராது. சூடு ஏற ஏற காற்றுக்கு இழப்பதும் கூடுவதால் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தான் நிற்கும். நமக்கு அது வசதி. ஈயம் உருகிய நிலையிலேயே முனையைப் போர்த்தியிருக்கும், ரோசின் தீயாது, ஆக்சைடு ஏறுவது வெகுவாகக் குறையும். கறுத்த பிட்டைத் தேற்ற வேண்டிய சூடும் இதுவேதான் என்பதால், 25 வாட் அயர்னின் பூச்சுப் பிட்டுகளை இந்தப் பெட்டியில் வைத்தே மீட்டேன். வேலைக்கு எடுக்கும்போது சுவிட்சைத் தட்டிவிட்டு, ஒயரைச் சீவி முறுக்கி வைப்பதற்குள் தேவையான சூடு வந்துவிடுகிறது.

ஃபேன் ரெகுலேட்டர் போதாதா என்று நண்பர் கேட்டார். எலக்ட்ரானிக் குமிழ் வகை சிலருக்குச் சரியாக வேலை செய்கிறது, ஆனால் 25 வாட் போன்ற சின்ன லோடில் எல்லா ரெகுலேட்டரும் நிலையாக நிற்பதில்லை. கடையில் பல கைகள் படும் இடத்தில் குமிழ் எங்கே நிற்கிறது என்று யாரும் பார்க்கமாட்டார்கள். சுவிட்சுக்கு இரண்டே நிலைதான்.

ஒரு எச்சரிக்கையைப் பெட்டியின் மேலேயே மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: இந்த சாக்கெட்டில் 25 வாட் அயர்ன் தவிர வேறு எதையும் சொருகக்கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்டேஷனைச் சொருகினால் ஒரு பக்க மின்சாரத்தில் அதன் இரும்புக் கோரில் காந்தம் நிரம்பிப்போய், அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்து எரிந்துவிடும். மோட்டாருக்கும் ஆகாது. உள்ளே எலக்ட்ரானிக் கண்ட்ரோல் உள்ள அயர்னுக்கும் தேவையில்லை. அதற்குக் குமிழைக் குறைத்தால் முடிந்தது. புதிய ஸ்டேஷன்களில் கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால் தானே சூட்டைக் குறைக்கும் வசதி இருக்கும். பலர் அது தொல்லை என்று அணைத்து வைத்திருக்கிறார்கள். திரும்பப் போட்டுவிடுங்கள்.

இன்னொரு சின்ன வேலை: சொருகும் பிட்டை அவ்வப்போது ஆறிய நிலையில் கழற்றி, உள்ளே சேர்ந்த செம்புச் செதிலைத் தட்டிக் கொட்ட வேண்டும். விட்டுவிட்டால் பிட் குழாயோடு இறுகி, கழற்றும்போது ஹீட்டரும் சேர்ந்து போகும். எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவ வேண்டாம். 900எம் வகையில் ஹீட்டர் பீங்கான் குச்சி என்பதால் தட்டவே கூடாது, பிட்டைத் தனியே கழற்றித்தான் தட்ட வேண்டும்.

அரம் பட்டு இரும்பு போன பிட்டுகளை என்ன செய்தாலும் தேற்ற முடியாது. ஈயம் பிடிக்கும், ஒரு வாரம் ஓடும், பிறகு பொந்துதான். அவற்றில் ஒன்றை மட்டும் கழுத்தில் சிவப்பு நூல் கட்டிப் பிளாஸ்டிக் வேலைக்கு ஒதுக்கினோம்: உடைந்த ரிமோட் மூடியை ஒட்டவைக்க, பெட்டியில் ஓட்டை போட. பிவிசி தீய்ந்தால் அமிலம் வெளியாகும். நல்ல பிட்டை அதில் வைத்தால் ஒரே நாளில் முனை புள்ளி புள்ளியாகிவிடும். ஒயரின் இன்சுலேஷனைச் சூட்டால் உரிக்கிற பழக்கமும் இதே காரணத்துக்காகக் கடையில் நின்றது, கட்டர் ஒன்று வாங்கிவிட்டார். முழுச் செம்புப் பிட்டுகளை அவரே அரத்தால் ராவித் தீட்டி மறுபடி மாட்டிக்கொண்டிருக்கிறார்.